நல்ல முட்டை என்றொரு நற்சான்று

ஓர் ஆங்கிலேயர் தன் நண்பரைக் காட்டி 'ஹீ இஸ் எ குட் எக்' என்றால் தமிழ்க் காதில் அது வசவாகத்தான் விழும். நமக்கு முட்டை என்றால் பரீட்சையில் வாங்கும் பூஜ்யம்; கூமுட்டை என்றால் மண்டையில் ஒன்றுமில்லாத ஆள். ஆங்கிலத்தில் 'குட் எக்' என்பதோ மனதாரச் சொல்லும் பாராட்டு. சொன்ன சொல் தவறாதவர், வாங்கிய கடனைக் கேட்குமுன் திருப்பித் தருபவர், இக்கட்டான நேரத்தில் நைசாக நழுவாதவர், இதையெல்லாம் செய்துவிட்டு மார்தட்டிக்கொள்ளாதவர் என்று அத்தனையும் அந்த இரண்டு சொற்களில் அடக்கம். அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. தியாகியாகவும் இருக்க வேண்டியதில்லை. சாதனையாளர்களையும் மகான்களையும் புகழ எல்லா மொழியிலும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. நம்பிப் பழகத்தக்க சாதாரண மனிதருக்கென்று அன்றாடப் பேச்சில் ஒரு சொல் புழங்குவதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தச் சொல்லுக்கு உள்ள குறைகளோடு சேர்த்தேதான்.

இதில் கெட்டதுதான் முதலில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அமெரிக்கப் பேச்சில் நம்பத்தகாத ஆளுக்கு 'பேட் எக்' என்று பெயர். அதைத் திருப்பிப் போட்ட 'குட் எக்' 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பரவியது. அந்நாளில் 'பேஷ்!' என்று நாம் குதூகலிப்பதுபோல, நல்ல சேதி கேட்டவுடன் 'குட் எக்!' என்று கூவுவதும் உண்டு. ஆளின் குணத்தைச் சொல்ல முட்டை ஏன் வந்தது? குளிர்பெட்டி இல்லாத காலத்துச் சமையலறையை நினைத்துப் பார்த்தால் விளங்கும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாளாக ஆக அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும். அதனால்தான் பழைய முட்டை தண்ணீரில் மிதக்கிறது. மேலே பார்த்தால் மட்டும் புதியதும் பழையதும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு. கவனமுள்ள சமையற்காரி ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்த பிறகே மாவில் சேர்ப்பாள். அழுகியது ஒன்று விழுந்தால் கிளறி வைத்த மாவு மொத்தமும் குப்பைக்குத்தான். ஆகவே ஒருவரை 'குட் எக்' என்பது, அவருடைய வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சொன்னது அல்ல, உள்ளே இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று பழகிப் பார்த்தவர் தரும் சாட்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வழக்கைக் கேட்டதும் வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர் நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ். லண்டனில் அவர் கற்பனையில் கட்டிய 'ட்ரோன்ஸ் கிளப்' உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'ஓல்ட் எக்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். 1940-ல் வெளிவந்த அவரது கதைத் தொகுப்பு ஒன்றின் தலைப்பே 'எக்ஸ், பீன்ஸ் அண்ட் க்ரம்பெட்ஸ்'. அந்த கிளப் உறுப்பினர்கள் வேலைவெட்டி இல்லாத பணக்கார வாலிபர்கள். ஆனாலும் நண்பனைக் கைவிடுவதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை. முதல் ஆட்சேபமும் இங்கேதான் எழுகிறது. இது மேட்டுக்குடிக் கிளப்பின் பாஷை அல்லவா? நம்மோடு படித்தவன், நம்மோடு சாப்பிடுகிறவன், ஆகவே நல்லவன் என்று தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ் அல்லவா?

இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. அதன் கனத்தை வுட்ஹவுஸின் வாழ்க்கையே காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் பிரான்ஸில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுச் சிறைமுகாமில் இருந்த அவர், 1941-ல் பெர்லின் வானொலியில் முகாம் வாழ்க்கையைப் பற்றி ஐந்து வேடிக்கைப் பேச்சுகள் பேசினார். குண்டுவீச்சில் தவித்த பிரிட்டன் கொதித்தது, துரோகி என்றார்கள். 1945-ல் அவருக்காக வாதாடிக் கட்டுரை எழுதிய எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அது துரோகம் அல்ல, அசட்டுத்தனம் என்றார். வுட்ஹவுஸின் அறநோக்கு பள்ளி மாணவனின் பருவத்தைத் தாண்டவில்லை என்றும் சுட்டிக்காட்டினார். எனக்கு ஆர்வெல் பக்கமே நியாயம் தெரிகிறது. நண்பர் வட்டத்துக்குள் அளவெடுத்த நேர்மை, தன்னைப் பேச அழைப்பது எப்படிப்பட்ட ஆட்சி என்று கேட்கக் கற்றுத்தரவில்லை. ஆனால் அதற்காகச் சொல்லையே தூக்கி எறிய வேண்டுமா? ஒருவர் அரசியலில் தெளிந்தவர் என்று 'குட் எக்' ஒருநாளும் உத்தரவாதம் தந்ததில்லை. சிறிய சாட்சியைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. கிளப் சுவர்களையும் அந்தச் சொல் எப்போதோ தாண்டிவிட்டது. இன்று ஆண், பெண் இருபாலருக்கும் சொல்கிறார்கள். சற்றே பழைய வாசனை அடித்தாலும் கேட்பவர் முகம் மலர்கிறது.

இன்னொரு குறை, இது மிக மெலிந்த பாராட்டு, திறமையைச் சொல்ல வழியில்லாதபோது ஒட்டும் சீட்டு என்பது. இதை நான் ஏற்கவில்லை. நோயாளியோடு இரவில் துணைக்கு இருக்க ஆள் தேடுகிறவரும், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவரும் முதலில் விசாரிப்பது திறமையை அல்ல. இருந்தாலும் இது பேச்சு வழக்கு என்பதை மறக்கக் கூடாது. வேலைக்கான பரிந்துரைக் கடிதத்திலோ இரங்கல் குறிப்பிலோ எழுதினால் பொருந்தாது. மேலதிகாரியை முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் முதுகில் தட்டிக் கொடுத்ததுபோல ஆகிவிடும். புதிதாக வந்து சேரும் ஒருவரிடம், அங்கே இல்லாத மூன்றாமவரைப் பற்றி, 'அவரை நம்பிப் போகலாம்' என்கிற தொனியில் சொல்லும்போதுதான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.