போர்டு தெரிகிறதா என்று கேட்டீர்களா?

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் பல அம்மாக்கள் காதில் வாங்கிக்கொண்டு திரும்பும் வாக்கியம் இது: “பையன் நல்லவன்தான், ஆனா கிளாஸ்ல கவனமே இல்ல.” அன்று இரவே செல்போன் பறிமுதலாகும். டியூஷன் ஒரு மணி நேரம் கூடும். மருந்துக்கடையிலிருந்து ஞாபகசக்தி டானிக் வரும். கவனமின்மையும் காய்ச்சலைப் போலத்தான். எதனால் என்று பார்க்காமல் வைத்தியம் செய்ய முடியாது.

முதலில் கண்ணைப் பாருங்கள். கிட்டப்பார்வை உள்ள குழந்தை, எல்லோருக்கும் போர்டு இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் வாய் திறந்து சொல்லாது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். ஆசிரியருக்கு அது காப்பியடிப்பதாகப் படும். அடுத்தது காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, சில வாரங்களுக்குக் காது மந்தமாக இருக்கலாம். கடகடவென்று மின்விசிறி ஓடும் வகுப்பில், கடைசி பெஞ்சில் இருந்தால் அதற்குப் பாடம் பாதிதான் கேட்கும். (கடைசி பெஞ்சே இல்லாதபடி ‘ப’ வடிவில் உட்கார வைக்கலாமா என்று 2025-ல் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. கழுத்து வலி, பார்வை என்று எதிர்ப்பும் வந்தது. வாராவாரம் இடம் மாற்றி உட்கார வைக்க எந்த உத்தரவும் தேவையில்லை.)

பலர் கேள்விப்படாத ஒன்றும் உண்டு. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை பாதி வாக்கியத்தில் நின்று, ஐந்து பத்து விநாடி வெறித்துப் பார்க்கும். பிறகு எதுவுமே நடக்காததுபோலத் தொடரும். பகற்கனவு என்றால் தோளைத் தொட்டதும் கலைந்துவிடும், இது கலையாது. நாளைக்குப் பல தடவை வரும். வலிப்பு நோயில் இதுவும் ஒரு வகை. இ.இ.ஜி. பரிசோதனையில் தெரியும், மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். இந்தக் குழந்தைகள் “எங்கடா பார்க்கிறே?” என்று தலையில் குட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

மற்றவை நமக்குத் தெரிந்தவைதான். 6 முதல் 12 வயதுவரை ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. ரத்தசோகைக்காகப் பள்ளியில் தரும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, பைக்குள்ளேயே கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்குக் கையிலிருந்து செலவழிக்க வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்து 18 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ‘டி.இ.ஐ.சி.’ எனப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் பள்ளிக்குக் குழு எப்போது வந்தது என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். வரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

கண், காது எல்லாம் சரியாக இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். ‘ஏ.டி.ஹெச்.டி.’ (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்ற பெயரை மட்டும் அவசரப்பட்டு ஒட்ட வேண்டாம். அதன் அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். ஒரே ஒரு டீச்சரின் வகுப்பில் மட்டும் தொல்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள். ஏ.டி.ஹெச்.டி.க்கான மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

பணம் பறிக்கும் கடைகளும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைப்பதாகச் சொல்லும் ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்பு சுத்த ஏமாற்று. கட்டுத் துணிக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் குழந்தை பார்க்கிறது. பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அடித்தால் கவனம் வரும் என்று நம்பும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். “கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க சார்” என்று அனுமதி கொடுத்தாலும் சட்டப்படி அது செல்லாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். புகார் சொல்ல 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்கள் உள்ளன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் சொல்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். பரிசோதனை, மருத்துவக் குழு, சான்றிதழ் என்று அலைந்து முடிக்க மாதங்கள் பிடிக்கும். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (தேர்வெழுதுவோர் பட்டியல்) தயாராகும் நேரத்தில் ஓடினால் பல பெற்றோருக்குக் கிடைப்பது “அடுத்த வருஷம் பாருங்க” என்ற பதில்தான். ஆகவே எட்டாம் வகுப்பிலேயே மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.