வெளிச்சமும் வேண்டும், வெள்ளிகளும் வேண்டும்

"பிள்ளை, அந்த நாளையில எங்களுக்குக் கரண்ட் இல்லை. விமானச் சத்தம் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கையும் நூர்த்திடுவம். முத்தத்தில பாயைப் போட்டு, வெள்ளி காட்டித்தான் பிள்ளையளை நித்திரையாக்கினனான். இப்ப பேத்திக்குக் காட்ட வெள்ளியைக் காணேல்லை."

வன்னியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் இப்படிச் சொன்னார். அவருடைய படலைக்கு முன்னால் இப்போது வெள்ளை நிற வீதி விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருந்த இளம் தாய் அதை ஏற்கவில்லை. "லைட் வந்த பிறகுதான் அம்மா, ரியூசன் முடிஞ்சு வாற மகளைக் கூட்டிவரப் பயமில்லாமல் போறன்" என்றார். அவர் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்ப்பவர்.

இருவர் சொன்னதும் உண்மையே. இருளில் நாம் பட்ட பயம் சிறிதல்ல. எனவே விளக்கை அணைக்கும்படி பெண்களிடம் எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த விளக்கின் ஒளி எங்கே போய் விழுகிறது என்று நாம் கேட்கலாம்.

வானம் ஏன் மறைகிறது?

மூடியில்லாத விளக்கின் ஒளியில் ஒரு பகுதி மேலே செல்கிறது. அது காற்றிலுள்ள தூசியிலும் நீராவியிலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. மங்கலான வெள்ளிகள் அதில் மறைந்துவிடுகின்றன. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினரால் பால்வீதியைக் காண முடிவதில்லை என்று 2016 இல் வெளியான ஆய்வு கூறியது. 2011 முதல் 2022 வரை இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 வீதம் கூடியதாக 2023 இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

எமது திருமணங்களில் மணமகளுக்குக் காட்டப்படும் அருந்ததியும் மங்கலான வெள்ளிதான். சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் வடக்கு வானில் சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். அதன் வால் நுனியிலிருந்து இரண்டாவதாக உள்ள வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி இருக்கும். வெளிச்சம் மிகுந்த நகரங்களில் வசிட்டர் மட்டுமே தெரிவார்.

நாம் என்ன செய்யலாம்?

கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு பாதுகாப்பையும் குறைக்கிறது. அதற்கு அப்பால் இருளில் நிற்பவரை நம்மால் பார்க்க முடியாது. மேற்புறம் மூடப்பட்டு, ஒளி நிலத்தில் மட்டும் விழும் விளக்கில் பாதையும் தெரியும், ஆள்முகமும் தெரியும். கடும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சார்ந்த ஒளி நல்லது. நீலம் கலந்த வெள்ளை ஒளி நித்திரையைக் கெடுக்கும். ஏற்கனவே நித்திரையின்றித் தவிக்கும் எமது பெண்களுக்கு இது முக்கியம்.

வீதி விளக்குகள் பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூடும்போது, எந்த ஒழுங்கையில் விளக்கு இல்லை, எந்த விளக்குக்கு மூடி தேவை என்று எழுதி, ஒரே கடிதமாகச் சபைக்குக் கொடுங்கள். வீட்டு முற்றத்து விளக்கையும் நிலத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

அன்றைய கூட்டத்தில் அந்தக் கடிதத்தை எழுதியவர் இளம் தாய். முதல் கையொப்பம் வைத்தவர் அந்த அம்மா.