தாம்பரம்: போக்குவரத்து வரலாறு

தாம்பரம், சென்னை எழும்பூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர். பல இடங்களில் ஊர் பெரிதான பிறகு ரயில் வரும். இங்கே ரயில் முதலில் வந்தது, ஊர் அதைத் தேடி வந்தது.

தொடக்க காலம்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலை, மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே இவ்வூரைத் தொட்டுச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே அதை ஒட்டியே மீட்டர் கேஜ் பாதை போட்டது. தண்டவாளம் ஊரைக் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று பிரித்துவிட்டது. அப்பிரிவு இன்றும் முகவரிகளில் நிலைத்திருக்கிறது.

நகரத்திலிருந்து முதலில் வந்தவர்கள் வீடு கட்ட வரவில்லை. 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தூய காற்றும் நகரின் சந்தடி இல்லாத தொலைவும் அதற்குத் தேவைப்பட்டன. 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையப் பெயர் அதிலிருந்து வந்ததே. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நகர நெரிசலை விட்டுக் கிழக்குத் தாம்பரத்தின் காட்டு நிலத்துக்கு இடம் மாறியது.

மின்சார ரயில்

1931 மே 11 அன்று கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. 1925இல் பம்பாயில் ஓடிய முதல் மின்சார ரயில் அகலப் பாதையில் சென்றது. மீட்டர் கேஜில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் இதுவே. பாதையின் நீளம் 29 கிலோமீட்டர்.

மின்சாரம் ஏன் தேவைப்பட்டது? ஓரிரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்கும் பாதையில் நீராவி எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார வண்டியோ சட்டென்று வேகம் எடுக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் வந்த வழியே உடனே திரும்பும். ஆகவே அடிக்கடி வண்டி விட முடிந்தது. நேரத்துக்கு வண்டி உண்டு என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், நகரத்தில் வேலை பார்ப்பவர் தொலைவில் மனை வாங்கத் துணிவார்.

முதலில் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய இவ்வண்டிகள், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டன. 2004ஆம் ஆண்டின் நடுவில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நிறுத்தப்பட்டது. இன்று ஓடுவது அகலப் பாதை.

தென்மாவட்டத்தாருக்குத் தாம்பரம் சென்னையின் வாசல். ஸ்ரீமுஷ்ணத்தில் ரயில் கிடையாது. எங்கள் ஊரார் விருத்தாசலம் சென்றே வண்டி ஏறுவர். அவர்களில் பலர் எழும்பூர் வரை போவதில்லை. “தாம்பரத்துல இறங்கிக்கலாம்” என்பதே வழக்கம்.

சாலைகளும் ஏரிகளும்

ரயில் நிலையத்தைச் சுற்றித் தொடங்கிய குடியிருப்புகள், பேருந்தும் இருசக்கர வண்டியும் பெருகிய பின் கிழக்கே வேளச்சேரி சாலையிலும் மேற்கே முடிச்சூர் சாலையிலும் நீண்டன. வயல்கள் மனைகளாயின. ஏரிக்குப் பாசன நிலம் இல்லாமல் போனால் வாய்க்காலைத் தூர்வார ஆள் இருப்பதில்லை. ஆனால் மழைநீர் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றில் வழிந்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. கார்கள் நின்றிருந்த தெருக்களில் மக்களைப் படகில் மீட்க வேண்டியதாயிற்று. போக்குவரத்து வரலாற்றில் அந்தப் படகுகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அண்மைக் காலம்

2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்துடன் இணைந்து மாநகராட்சி உருவானது. 2023 டிசம்பர் 30 அன்று, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டுவந்த தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. சென்னையின் வாசல் தாம்பரத்தையும் தாண்டித் தெற்கே நகர்ந்துவிட்டது.