இணைப்பு எங்கே அறுந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. போபால் நகரின் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் திறக்கிறாள். காரைக்குடியில் இருக்கும் அப்பத்தா, இந்த அரைமணி நேரப் பேச்சுக்காகவே வாரந்தோறும் அண்டை வீட்டாரின் கைப்பேசி முன் வந்து அமர்வார். திரையிலோ, 'இணைய இணைப்பு இல்லை' என்னும் வாசகம் தோன்றுகிறது.

இத்தகைய வேளையில் பலர் கண்ணில்பட்ட பொத்தானையெல்லாம் அழுத்துவர். அதனால் ஒரு பழுது இரண்டாவதும் உண்டு. கணினியிலிருந்து புறப்படும் செய்தி முதலில் வீட்டிலுள்ள ரூட்டரை அடைகிறது; பின்னர்ச் சேவை நிறுவனத்தின் இணைப்பு வழியே வெளியுலகிற்குச் செல்கிறது. பாதை எவ்விடத்தில் அறுந்தது என்பதை அருகிலிருந்து தொலைவு நோக்கித் தேடுதல் வேண்டும்.

வீட்டிலுள்ள கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபை வழியாக மட்டும் இணையம் வருகிறதா எனப் பார்க்கலாம். வரவில்லையெனில், ரூட்டரின் விளக்குகளை நோக்க வேண்டும். ஒளியிழை இணைப்புள்ள பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். ஒளியிழையைக் கழற்றி அதன் முனையை உற்றுப் பார்த்தல் ஆகாது. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு விளைக்கக்கூடியது.

மாணவியின் வீட்டில் கைப்பேசிக்கு இணையம் வந்தது. ஆகவே பழுது மடிக்கணினியில்தான். அவள் 'கமாண்ட் பிராம்ப்ட்' சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டெழுதினாள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கியது. இவ்வெண் ஒரு நல்ல துப்பு. வழக்கமாகக் கணினிக்கு முகவரி வழங்குவது ரூட்டர். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ரூட்டரிடமிருந்து விடை வராதபோது, கணினி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்கிறது. அதுவே 169.254. கதவிலக்கத்தைத் தானே எழுதி மாட்டிக்கொண்ட வீட்டிற்குக் கடிதம் வருமா?

அவள் வைஃபையை அணைத்து மீண்டும் இயக்கினாள். முகவரி 192.168 என மாறியது.

அடுத்து, 'பிங்' என்னும் கட்டளையால் ரூட்டரின் முகவரியை அழைத்தாள்; விடை வந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போன்றது இது. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மைக் மியூஸ் இதனை எழுதி, அச்சோனார் ஒலியையே பெயராக இட்டார். அவரும் ஒரு வலையமைப்பின் பழுதைத் தேடும்போதுதான் இதனை உருவாக்கினார்.

பிறகு கூகுளின் பொதுச் சேவை முகவரியான 8.8.8.8-ஐ அழைத்தாள். அதற்கும் விடை வந்தது. எண்ணுக்கு விடை வந்தும், இணையதளத்தின் பெயரைத் தட்டெழுதினால் திறக்கவில்லை எனில், பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில்தான் குறை இருக்கும். கணினியின் நாள்காட்டி தவறாக இருந்தாலும் பல தளங்கள் திறக்க மறுக்கும். இதனைப் பார்க்க மறப்பவர் மிகப் பலர். அவளுக்கு அவ்விரு தொல்லையும் நேரவில்லை.

ஆறு மணி இருபது நிமிடத்திற்குத் திரையில் அப்பத்தாவின் முகம் தெரிந்தது. "ஏன் தாயி இவ்வளவு நேரம்?" என்றார் அவர்.