ஃபாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கெடுக்குமா? அப்பாவின் போன் சொன்ன பதில்

போன மே மாசம் அம்மாவைத் திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்றைக்கு அப்பாவின் போன் பாதி வழியிலேயே அணைந்துவிட்டது. மூன்று மணி நேரம் எங்கள் யாருக்கும் ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, நல்லவேளை. ஆனால் போன் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் 100 சதவீதம் இருப்பது மதியத்துக்குள் காலி.

பாலக்கோட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன். "ஃபாஸ்ட் சார்ஜரை நான் தொடறதே இல்லப்பா. பேட்டரி கெட்டுடும்னு சொன்னாங்க. பழைய சார்ஜர்லதான் ராத்திரி பூரா போடுறேன்" என்றார். இவ்வளவு கவனமாக இருந்தும் ஏன் கெட்டது?

பேட்டரி எப்படி வயசாகிறது?

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. சோனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கும். விழுங்கிய லித்தியம் திரும்பக் கிடைக்காது. அதுதான் நாம் இழக்கும் கொள்ளளவு.

இந்த வேலை போனைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நடக்கும். வேகப்படுத்துபவை முக்கியமாக இரண்டு: சூடு, முழு சார்ஜில் இருப்பது. வெயில் காலத்தில் பால் சீக்கிரம் திரிந்துபோகிற மாதிரிதான்.

பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருஷம் சும்மா வைத்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜோடு வைத்தால் 80. அதே முழு சார்ஜ், 40 டிகிரி என்றால் வெறும் 65. ஒவ்வொரு போனுக்கும் இதே எண் வரும் என்று இல்லை. ஆனால் போக்கு இதுதான்.

அப்போ ஃபாஸ்ட் சார்ஜிங்?

அதிலும் ஆபத்து இருக்கிறது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். இது குளிரிலும், பேட்டரி நிறையும் நேரத்திலும்தான் அதிகம். அதனால்தான் போன் ஆரம்பத்தில் மட்டும் வேகமாக ஏற்றிவிட்டு, மேலே போகப் போகக் குறைத்துவிடுகிறது. முதல் 50 சதவீதம் சட்டென்று ஏறி, கடைசி 20 இழுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது சூடு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பேட்டரிக்குள் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. நேரம் பாதியாவதால் மொத்த வெப்பம் இரண்டு மடங்கு. இதைக் குறைக்க 2014-ல் ஒப்போ தன் வூக் முறையில் மின்னழுத்தத்தை மாற்றும் வேலையை போனிலிருந்து சார்ஜருக்குத் தள்ளியது. சூடு கையிலிருக்கும் போனுக்குப் பதில் சுவரில் இருக்கும் சார்ஜரில் உண்டாகும். மீதியிருக்கும் சூடு அரை மணி, ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடும்.

அப்பா வீட்டுக்கு வருவோம்

சிமெண்ட் ஷீட் கூரை. பகல் வெயில் 38 டிகிரியைத் தொடுகிற மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அறை தகிக்கும். தடித்த ரப்பர் கவர் போட்ட போன், தலையணைக்குப் பக்கத்தில். நள்ளிரவுக்குள் 100 ஆகிவிடும். அதற்கு மேல் ஓவர்சார்ஜ் ஆகாது, போனே தடுத்துவிடும். ஆனால் விடியும்வரை முழு மின்னழுத்தத்திலேயே, சூட்டிலேயே கிடக்கும். தினமும் நாலைந்து மணி நேரம், இரண்டு வருஷம்! பழைய சார்ஜர் அவரைக் காப்பாற்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் இப்படிப்பட்ட சோதனைகள் பொதுவாக 20, 25 டிகிரி ஆய்வகத்தில் நடப்பவை. தர்மபுரி மே மாசம் அந்த ஆய்வகத்துக்குள் இல்லை.

என்ன செய்தோம்?

பேட்டரியை மாற்றினோம். போன இழப்பு எந்த ஆப் போட்டாலும் திரும்பாது. செட்டிங்ஸில் 80 சதவீத வரம்பு வைத்தோம். இப்போது அப்பா விடியற்காலை குளிர்ச்சியில், காபி குடிக்கும் நேரத்தில், கவரைக் கழற்றித் தரையில் வைத்து, போனோடு வந்த ஃபாஸ்ட் சார்ஜரிலேயே போடுகிறார். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100.

எனக்கும் ஒரு பாடம். தொப்பூர் வழியாகச் சேலம் போகும்போது டேஷ்போர்டு வெயிலில் மேப்பை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போடுவேன். இப்போது போனை ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுகிறேன். சூடான போனை ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சார்ஜரில் எத்தனை வாட் என்று பார்ப்பதைவிட, சார்ஜ் ஏறும்போது போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் கழற்றிவிடுங்கள்.