மெமரின்னா எந்த மெமரி பாஸ்?

'512 ஜிபி மெமரி சார்!' என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். அது ஸ்டோரேஜ். படம், பாட்டு, புராஜெக்ட் எல்லாம் தூங்குகிற பீரோ. நாம் வேலை பார்க்கிற மேஜை, ரேம். மேஜை சின்னதாக இருந்தால், பத்து விண்டோ திறந்ததுமே சிஸ்டம் திணற ஆரம்பித்துவிடும். அதனால் ரேம் 8 ஜிபியா, 16 ஜிபியா என்று தனியாகக் கேளுங்க. சில லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்து சாலிடர் பண்ணிவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது. வாங்கும்போதே யோசிக்கணும்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. கரண்ட் போனால் மேஜை மொத்தமும் காலி. லேப் கம்ப்யூட்டரில் விடிய விடிய டைப் பண்ணின ரிப்போர்ட், சேவ் பண்ணாதவரை ரேமில்தான் இருக்கிறது. ஆட்டோசேவ் இருக்கே என்பீர்கள்... அது கடைசியாக எடுத்து வைத்தது வரைக்கும்தான் மிஞ்சும். கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து ஒரு அழுத்து, பீரோவுக்குப் போயிடும்.