‘குட்டி யானை’யின் பின் பிரேக் சரியாக இருக்கிறதா?

தேனி சாலையில் விடியலுக்கு முன்பே லோடு வண்டிகளின் ஓட்டம் தொடங்கிவிடும். செக்கானூரணிப் பக்கமிருந்து காய்கறியும் பூவும் ஏற்றிவரும் ‘குட்டி யானை’கள் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டித்தான் மதுரை மார்க்கெட்டுக்குப் போகின்றன. ஏலத்துக்குள் சேர வேண்டும் என்ற அவசரத்தில் டயரைப் பார்ப்பவர்கள்கூட பின் பிரேக்கைப் பார்ப்பதில்லை. அது மூடிய டிரம்முக்குள் இருப்பதுதான் காரணம்.

வெறும் வண்டியில் முன் பிரேக்கே பெரும்பகுதி வேலையைப் பார்த்துவிடும். பின்னால் மூட்டை ஏறிய பிறகுதான் பின் பிரேக்கின் குறை வெளிப்படும். அப்போது வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கும்.

ஹேண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட மேலே இழுக்க வேண்டியிருந்தால், பெடல் ஆழமாக இறங்கினால், கரகரவெனச் சத்தம் வந்தால் டிரம்மைத் திறந்து பார்த்துவிட வேண்டும். லைனர் தேய்ந்து ரிவெட் தலை உரசத் தொடங்கிவிட்டால் டிரம்மும் கோடு விழுந்து கெடும். ஷூவோடு போகவேண்டிய செலவு இரட்டிப்பாகும்.

காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் ஷூ மாற்றுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து. பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு பக்கமாகக் கழற்றினால், ஸ்பிரிங் மாட்டும் இடம் மறந்தாலும் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகே வேலை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

உள்ளே ஆயில் ஈரம் தெரிந்தால், கசிவை நிறுத்தாமல் புது ஷூ போடுவது வீண். பழைய லைனர் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. பிரேக் ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது பெரிய தவறு. ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய், பிரேக்கே பிடிக்காமல் போகும்.

பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் ஷூவுக்குப் பதில் பேட் இருக்கும். பலவற்றில் பிஸ்டன் ஹேண்ட் பிரேக்கோடு இணைந்தது. அதை அழுத்தித் தள்ளாமல் திருகியபடியே உள்ளே செலுத்த வேண்டும். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே உத்தமம்.

வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி எதுவானாலும், மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாகச் சிலமுறை மிதித்தால் ஈரம் காயும். புது ஷூ போட்டதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பார்க்க வேண்டும். லைனர் டிரம்மில் படியச் சில நாள்கள் ஆகும்; அதுவரை பாதி லோடோடு போவது நல்லது.